ஒரு கை தடுத்தால் உலகம் நிற்கலாமா?

உலகத்துக்கே சேர்த்து எடுக்கப்படும் முடிவுகள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றை எடுப்பவர்களை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உலக ஜனநாயகம் சாத்தியமா? நியூயார்க், கொழும்பு, ஜெனீவா, போர்ட் விலா என ஒவ்வோர் ஊரின் அனுபவமும் வேறு வேறு பதில் சொல்கிறது.

2023 டிசம்பர் 8. நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் கூடம். குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றிப் பதினைந்து நாடுகளின் தூதர்கள். பின்சுவரை நிறைத்து நிற்கிறது நார்வே ஓவியர் பேர் க்ரோக் வரைந்த பெரிய ஓவியம். அதன் நடுவே சாம்பலிலிருந்து எழும் பறவை. காஸாவில் உடனே போர்நிறுத்தம் வேண்டும் என்று ஐக்கிய அரபு அமீரகம் கொண்டுவந்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஏறக்குறைய நூறு நாடுகள் அதை வழிமொழிந்திருக்கின்றன. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ், பதவிக்கு வந்த பிறகு முதன்முறையாக ஐ.நா. சாசனத்தின் 99-ஆம் பிரிவைப் பயன்படுத்திக் கவுன்சிலை எச்சரித்து இரண்டே நாள்தான் ஆகிறது.

ஆதரவாகப் பதின்மூன்று கைகள் உயர்கின்றன. பிரிட்டன் விலகிக்கொள்கிறது. எதிர்ப்பாக ஒரே ஒரு கை: அமெரிக்காவின் துணைத் தூதர் ராபர்ட் வுட்டினுடையது. தீர்மானம் செத்தது.

நான்கு நாள் கழித்து அதே கட்டடத்தின் பொதுச் சபையில் அதே கோரிக்கை. ஆதரவு 153, எதிர்ப்பு 10, விலகல் 23. இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் பொதுச் சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன.

இதை அமெரிக்காவின் தவறு என்று மட்டும் பார்த்துவிட முடியாது. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா இதே போலக் கொன்றது. படையெடுத்த நாடே அந்த மாதம் கவுன்சிலின் தலைமை நாற்காலியிலும் இருந்தது. நிரந்தர இடம் பெற்ற ஐந்து நாடுகளில் எது வேண்டுமானாலும் 'வீட்டோ' எனப்படும் இந்தத் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

கையெழுத்திட்ட இருவர்

எழுதியவர்கள் யார்? 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை சான் பிரான்சிஸ்கோவில் கூடிய நாடுகள். ஜூன் 26 அன்று இந்தியாவின் பெயரால் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட இருவருமே நமக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு ராமசாமி முதலியார். இன்னொருவர் கரூர் பக்கத்து வாங்கலைச் சேர்ந்த வி.டி.கிருஷ்ணமாச்சாரி. அப்போது இந்தியா சுதந்திர நாடு இல்லை. இருவரையும் அனுப்பியது பிரிட்டிஷ் அரசாங்கம். விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி பண்டிட் அழைப்பில்லாமலேயே அந்த ஊருக்குப் போய், இவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். ஐ.நா. பிறந்த அறைக்குள்ளேயே 'யாருக்காக யார் பேசுவது' என்ற கேள்வி இருந்தது.

வீட்டோ அதிகாரத்தை அங்கிருந்த சிறிய நாடுகள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியா கடுமையாக எதிர்த்தது. அமெரிக்க செனட்டர் டாம் கொனலி, கையிலிருந்த வரைவுப் பிரதியைக் கிழித்துக் காட்டினார்: வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை என்பது அதன் பொருள். சிறிய நாடுகள் பணிந்தன.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1919 ஏப்ரல் 11 அன்று பாரிஸில், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக சங்கத்தின் விதிகளை எழுதிய குழுவில் இனச் சமத்துவத்தை ஏற்கும் ஒரு வாசகத்தை ஜப்பான் முன்வைத்தது. பதினேழு பேரில் பதினொரு பேர் ஆதரித்தார்கள். தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன், ஒருமனதாக இல்லை என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார். அதே வாரங்களில் கொரியாவின் விடுதலைப் போராட்டத்தை நசுக்கிக்கொண்டிருந்தது ஜப்பான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெட்டிச் செய்தி: எண்ணிக்கை பேசுகிறது

ஐ.நா. உறுப்பு நாடுகள் 193. பொதுச் சபையில் நாட்டுக்கு ஒரு வாக்கு. 140 கோடியைத் தாண்டிய இந்தியாவுக்கும் ஒன்று; சுமார் 12,000 பேர் வாழும் நவ்ரூவுக்கும் ஒன்று.

உலக மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களைக் கொண்ட சின்னஞ்சிறு நாடுகள் ஒன்றுசேர்ந்தால், பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வந்துவிடும்.

பாதுகாப்பு கவுன்சில் 1965-ல் 11-லிருந்து 15 இடங்களாக விரிந்தது. நிரந்தர இடங்கள் அன்றும் ஐந்து, இன்றும் ஐந்து. ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் ஒப்புதல் வேண்டும். அவற்றுள் நிரந்தர நாடுகள் ஐந்தும் இருந்தாக வேண்டும். வீட்டோவை நீக்குவதையும் வீட்டோவால் தடுக்கலாம்.

கொழும்பில் மாறிய ஆட்சி, மாறாத ஒப்பந்தம்

போரும் சமாதானமும் தூதர்களின் விவகாரம், நம் அடுப்படிக்கு என்ன என்று யாராவது கேட்டால் இலங்கையைக் காட்டலாம்.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. அந்த நாட்டுக்கு இது பதினேழாவது முறை. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. 2024 ஜனவரியில் 'வற்' எனப்படும் பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அதுவரை விலக்கு பெற்றிருந்த பல பொருட்கள் வரிக்குள் வந்தன. மின்கட்டணம் ஏறியது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில், தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த அரசுப் பத்திரங்கள் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஓய்வுக்காலச் சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது.

2024 செப்டம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். ஒப்பந்தத்தை மறுபடி பேசித் திருத்துவோம் என்று பிரசாரம் செய்த அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார். நவம்பரில் அவருடைய அணிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பெரும்பான்மை கிடைத்தது. ஒரு ஜனநாயகம் தர முடிந்த ஆணையில் இதைவிடப் பெரியது இல்லை. அதன் பிறகும் நிதியத்தின் திட்டம் அதே சட்டகத்தில்தான் தொடர்ந்தது. புதிய அரசை நான் குறை சொல்லவில்லை. கஜானா காலியான நாட்டுக்கு வேறு வழி குறைவு. ஆனால் அந்த மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முடிவை எங்கே போய் மாற்றச் சொல்வது?

வாஷிங்டனில் உள்ள நிதியத்தில் வாக்கு பணத்தின் அளவுக்கு ஏற்ப. அமெரிக்காவிடம் சுமார் 16.5 விழுக்காடு. முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு தேவை என்பதால் அந்த ஒரு நாடு சம்மதிக்காமல் அவை எதுவும் நடக்காது. இந்தியாவிடம் 2.6 விழுக்காட்டுச் சொச்சம். இலங்கைக்கு நிர்வாகக் குழுவில் தனி இடமே இல்லை. இந்தியா, வங்கதேசம், பூடான் ஆகியவற்றோடு ஒரே தொகுதி. நிதியத்தின் தலைவர் எப்போதும் ஐரோப்பியர், உலக வங்கியின் தலைவர் எப்போதும் அமெரிக்கர். எழுதப்படாத இந்த ஏற்பாட்டுக்குச் சுமார் எண்பது வயது.

உலக அரசாங்கம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கடனாளி நாடுகளின் மக்களுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. வராமல் இருப்பது அதைக் கேள்வி கேட்கும் உரிமை.

பெரும்பான்மையும் கைவிடும்

அப்படியானால் வீட்டோவை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பெரும்பான்மை வாக்குக்கு விட்டால் சரியாகிவிடுமா? தமிழர்களுக்கு இந்தக் கேள்விக்கான விடை வலியோடு தெரியும்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முள்வேலிக்குள். மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலின் சிறப்பு அமர்வு, இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, விலகல் 6. அந்தக் கவுன்சிலில் வீட்டோ கிடையாது. இந்தியா, பாகிஸ்தான், சீனா, கியூபா, தென்னாப்பிரிக்கா எல்லாம் ஒரே பக்கம் வாக்களித்தன. அதற்கு முந்தைய மாதங்களில் பாதுகாப்பு கவுன்சில் இலங்கைப் போரை முறைப்படி தன் நிகழ்ச்சி நிரலில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஐ.நா. தன் கடமையில் தவறியதை, சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான அதன் சொந்த உள் ஆய்வுக் குழு 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

காலனி ஆதிக்கத்திலிருந்து மீண்ட நாடுகள் 'எங்கள் உள்விவகாரத்தில் தலையிடாதே' என்று சொல்வதற்கு நியாயமான வரலாறு உண்டு. ஈராக்கையும் லிபியாவையும் பார்த்த பிறகு அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் நாடுகள் மட்டுமே வாக்களிக்கும் மன்றத்தில், தன் நாட்டாலேயே அடிக்கப்படும் மக்களுக்காகக் கை தூக்க யாரும் இல்லை. ரோஹிங்கியாக்களுக்கும் குர்துகளுக்கும் நேர்ந்தது இதுதான். உலக ஜனநாயகம் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது நாற்காலி இல்லாத இந்த மக்களைத்தான்.

ஜெனீவாவில் கதவு திறக்கவில்லை

நாற்காலி இல்லாத அந்த மக்களுக்காக முதலில் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் டெஸ்காஹே. வட அமெரிக்காவின் ஹோடினோஷோனி கூட்டமைப்பில் கயூகா இனத் தலைவர். தம் மக்களைக் கனடா விழுங்குவதை எதிர்த்து, 1923-ல் தம் மக்களே வழங்கிய கடவுச்சீட்டோடு ஜெனீவாவுக்கு வந்தார். அயர்லாந்து, எஸ்தோனியா, பாரசீகம், பனாமா ஆகிய நாடுகள் அவர் மனுவை உலக சங்கத்தில் பேச வைக்க முயன்றன. உள்விவகாரம் என்று பிரிட்டன் தடுத்துவிட்டது. சங்கத்தின் மேடை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1924-ல் கனடா செய்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கிராண்ட் ரிவரில் இருந்த அவர்களுடைய பாரம்பரிய மன்றத்தைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தில் தேர்தல் நடத்தியது. ஜனநாயகத்தின் பெயரால் நடந்த வேலை அது. பழைய மன்றத்தில் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும் தவறினால் இறக்குவதும் குலத்தாய்மாரின் அதிகாரம். புதிய தேர்தலில் பெண்களுக்கு வாக்கே இல்லை. கனடாவின் பழங்குடிச் சட்டம் அதைக் கொடுத்தது 1951-ல்தான்.

வாக்குப்பெட்டி வந்தாலே ஜனநாயகம் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொண்டால் போதும். மேலை நாடுகளின் தேர்தல் முறையை அப்படியே உலகளவுக்குப் பெரிதாக்கினால் அது பலருக்கு இன்னொரு ஆக்கிரமிப்பாகத் தெரியும். கானா நாட்டுத் தத்துவ அறிஞர் க்வாஸி விரேடு 1990-களில் இதையே வேறு கோணத்தில் எழுதினார். அவருடைய அகான் மக்களின் மன்றங்களில் தலைகளை எண்ணி முடிவெடுக்கும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவார்கள். அவர்களுடைய மரபுச் சின்னங்களில் ஒன்று, இரண்டு தலையும் ஒரே வயிறும் கொண்ட முதலை: தலைகள் முரண்பட்டாலும் வயிறு ஒன்றே. 51 பேர் 49 பேரை ஓரங்கட்டும் கட்சி அரசியல் ஆப்பிரிக்காவில் இனச் சண்டைகளை மூட்டியது என்பது விரேடுவின் வாதம். பழைய மன்றங்களை அவர் அழகுபடுத்திக் காட்டுகிறார் என்று ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்களே மறுத்திருக்கிறார்கள்.

பசிபிக் தீவுகளின் 'தலனோவா' முறையும் இந்த வகைதான். வட்டமாக உட்கார்ந்து, குற்றம் சாட்டாமல், அவரவர் கதையைச் சொல்லி முடிவுக்கு வருவது. ஃபிஜி தலைமையில் 2018-ல் ஐ.நா. பருவநிலைப் பேச்சுவார்த்தையே இந்தப் பெயரில் நடந்தது. ஆனால் ஒருமித்த முடிவுக்கும் ஒரு விலை உண்டு. பருவநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு விதி இன்றுவரை ஏற்கப்படவில்லை. எல்லோரும் ஒப்ப வேண்டும் என்பதால், எண்ணெய் விற்கும் நாடுகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் நீர்த்துப்போக வைக்க முடிகிறது. மூழ்கும் தீவுக்கு நீண்ட பேச்சுக்கான நேரம் இல்லை.

சீனாவின் ஸாவ் திங்யாங் 2005-ல் வெளியிட்ட நூலில், வானத்துக்குக் கீழே உள்ள அனைத்தையும் ஒரே அரசியல் அலகாகக் கருதும் பண்டைய சீனக் கருத்தை மீட்டெடுத்தார். யாருமே வெளியாள் இல்லாத உலகம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நூற்றாண்டுகளாக அந்தப் பேரரசின் விளிம்பில் வாழ்ந்த வியட்நாமியருக்கும் கொரியருக்கும், நடுவில் யார் உட்காருவார்கள் என்ற கேள்வி எழத்தான் செய்யும். 1947-ல் ஐன்ஸ்டைன், ஐ.நா. பொதுச் சபைக்கு உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திறந்த மடல் எழுதியபோதும் இதே சந்தேகம் வந்தது. உலக அரசாங்கம் முதலாளித்துவத்தின் ஆதிக்கமாகவே முடியும் என்று சோவியத் விஞ்ஞானிகள் நால்வர் பதில் எழுதினார்கள்.

இத்தனை குரல்களையும் கேட்ட பிறகு எனக்குப் படுவது, பண்பாடுகள் இதில் முட்டுக்கட்டை இல்லை. ஒரு முடிவால் அடிபடப்போகிறவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பதை அகான் மன்றமும் அறியும், ஹோடினோஷோனிக் குலத்தாயும் அறிவாள். கேட்கும் முறைதான் ஊருக்கு ஊர் வேறு. முட்டுக்கட்டை போடுவது நாற்காலியில் இருப்பவர்கள்.

பெட்டிச் செய்தி: குலுக்கலில் உலகம்

2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டை ஒட்டி 'குளோபல் அசெம்பிளி' என்ற முயற்சி நடந்தது. உலக மக்கள்தொகை பரவியிருக்கும் விதத்துக்கு ஏற்ப 100 பேர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் உதவியோடு இணையவழியில் விவாதித்து ஒரு பிரகடனம் தந்தார்கள். எந்த அரசையும் அது கட்டுப்படுத்தவில்லை.

குலுக்கல் நமக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. குடும்பு எனப்படும் முப்பது வட்டாரங்கள்; குடத்திலிருந்து ஓலை எடுப்பது ஒரு சிறுவன்; கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தகுதி இல்லை. ஆனால் அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் வேண்டும்; பெண்களுக்கு இடமில்லை. பெருமையோடு இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கல்வெட்டிலிருந்து இன்று எதையாவது கற்க முடியும்.

வகுப்பறையில் தொடங்கிய வழக்கு

நாற்காலி இல்லாதவர்களும் வழி கண்டுபிடித்ததற்கு அண்மைய சாட்சி பசிபிக் தீவு நாடான வனுவாட்டு. 2019-ல் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று கிளம்பினார்கள். தங்கள் தீவு அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் வனுவாட்டு அதைத் தன் கோரிக்கையாக ஏற்றது. 2023 மார்ச் 29 அன்று பொதுச் சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உடன் முன்மொழிந்திருந்தன.

2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் வாய்மொழி விசாரணை. பேசியவை 96 நாடுகள், 11 அமைப்புகள். 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துக் கருத்து சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, மீறினால் பொறுப்பும் இழப்பீடும் வரலாம். இது ஆலோசனைக் கருத்துதான். கட்டளை இல்லை. ஆனாலும் பல நாட்டு நீதிமன்றங்களில் இனி வழக்கறிஞர்கள் இதை எடுத்து வைப்பார்கள். பொதுச் சபை வழியாகப் போனதால், இந்தப் பாதையில் வீட்டோவுக்கு வேலை இருக்கவில்லை.

இதே போன்ற சிறிய உடைப்புகள் வேறிடங்களிலும் தெரிகின்றன. லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு கொண்டுவந்த யோசனையால், 2022 முதல் யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதை விவாதிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில் 2004 முதல் ஆப்பிரிக்க நாடாளுமன்றம் இயங்குகிறது. அதிகாரம் குறைவு, ஆனால் ஒவ்வொரு நாட்டுக் குழுவிலும் பெண் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆலோசனை மன்றமாகத் தொடங்கியதுதான். 1979-ல் நேரடித் தேர்தல் வந்தது.

டெல்லியிடம் ஒரு கேள்வி

ஐ.நா.வில் சேரலாமா என்று சுவிட்சர்லாந்து தன் மக்களையே கேட்டது. 1986-ல் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். 2002 மார்ச்சில் மறுபடி கேட்டபோது 54.6 விழுக்காட்டினர் சரி என்றார்கள். அதன் பிறகே சேர்ந்தது.

நம் நாட்டில் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட அமைச்சரவை முடிவெடுத்தாலே போதும். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. 1994 ஏப்ரல் 15 அன்று மராகேஷில் உலக வர்த்தக அமைப்புக்கான ஒப்பந்தத்தில் இந்தியா அப்படித்தான் கையெழுத்திட்டது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. தஞ்சாவூர் விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்துக்கும் கொள்முதல் விலைக்கும் வரம்பு கட்டும் விதிகள் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. சென்னையில் உள்ள சட்டமன்றத்திடம் யாரும் கேட்கவில்லை. இன்று கையெழுத்தாகும் வர்த்தக ஒப்பந்தங்களுக்கும் நடைமுறை இதுவே. உலக மன்றங்களில் 140 கோடி பேருக்காகப் பேசுகிறோம் என்று இடம் கேட்கும் நாடு, அந்த 140 கோடியின் பிரதிநிதிகளைக் கேட்டுவிட்டுப் போவதுதான் நியாயம்.

இதை முதலில் சொல்வது நான் இல்லை. நீதிபதி எம்.என்.வெங்கடாசலையா தலைமையில் அமைந்த அரசியலமைப்புச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம், ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை முறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றும், மாநிலங்களைப் பாதிக்கும் ஒப்பந்தங்களுக்கு முன்கூட்டியே மாநிலங்களைக் கலந்தாலோசிப்பது நல்லது என்றும் 2002-ல் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை. அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும்.